பொட்டு வைக்காத மாஸ்க்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு முடிக்கும்போது நீங்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். எங்கள் வீடு கத்தோலிக்க வீடு. அம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் மந்திரித்த எண்ணெய்தான். சின்ன வயதில் பேய் ஓட்டுகிற கோயிலுக்கெல்லாம் வேன் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள், அங்கே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். பிறகு தீயணைப்பு வேலைக்கு வந்தேன். கரிக்கட்டையாகிப் போன உடம்பு, ஏரியில் ஊறி உப்பிய உடம்பு எல்லாவற்றையும் இந்தக் கையால் தூக்கியிருக்கிறேன். ஒருத்தரும் திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

எனக்கு உள்ள வியாதியே வேறு. அருவருப்பு. டீக்கடையில் முக்கி எடுத்துத் தருகிற கண்ணாடி தம்ளரில் நான் குடிக்க மாட்டேன். வீட்டில் என் தட்டு தனி, என் தம்ளர் தனி, என் மனைவியே கேலி செய்வாள். இப்படிப்பட்டவனைப் பிடித்து, எங்கள் நிலையத்தில் மூச்சுக் கருவிகளைச் சோதித்துப் பராமரிக்கிற பொறுப்பில் உட்கார வைத்தார்கள். சென்னைக்கு மேற்கே ஒரு நிலையம், எது என்று கேட்காதீர்கள். மூச்சுக் கருவி என்றால் முதுகில் காற்று சிலிண்டர், அதிலிருந்து ஒரு குழாய், முன்னால் கண்ணாடி வைத்து முகம் முழுக்க மூடுகிற ரப்பர் மாஸ்க். புகைக்குள்ளும் விஷவாயு இருக்கிற இடத்துக்குள்ளும் அதை மாட்டிக்கொண்டுதான் போவோம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடுவோம், ஆளுக்கொன்று கிடையாது.

அந்த மாஸ்க்குகள் இருந்த இருப்பைச் சொன்னால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். அவனவன் கழற்றி அப்படியே பெட்டியில் போட்டு மூடிவிடுவான். மறுநாள் திறந்தால் காய்ந்த எச்சில், சளி, உள்ளே மூக்கையும் வாயையும் மூடுகிற கிண்ணம் போன்ற மூக்கு மூடிக்குள் ஒட்டிய புகையிலைத் தூள், பூண்டு நாற்றம். மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் வண்டிக்கு மெழுகு போடுவார்கள், பித்தளைப் பூட்டுகளைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள், வாசலில் கோலமாவு வாங்கிக் கோடு கூடப் போடுவார்கள். மாஸ்க்கை எடுத்து மோந்து பார்த்த அதிகாரியை நான் இன்னும் பார்க்கவில்லை. நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி தொட்டு, நிழலில் காயப்போட்டு, உள்ளங்கையால் குழாய் வாயை அடைத்து உறிஞ்சிப் பார்த்து, காற்று ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பெட்டியில் வைப்பேன். எல்லாரும் என்னைப் பாத்திரம் கழுவுகிறவன் என்பார்கள். கூட வேலை செய்த டில்லி மட்டும், "வுடு அண்ணாத்தே, நாளைக்கு அது மூஞ்சில தான மாட்டணும்" என்று ஈரத்துணியோடு வந்து உட்காருவான்.

இப்போது பாரிவாக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வயலாக இருந்த இடத்தில் புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று இரண்டு பேரைக் கூட்டி வந்திருக்கிறார்கள், ஏழுமலை என்று ஒருவர், அவரோடு மூர்த்தி. முதலில் இறங்கிய ஏழுமலை மயங்கி விழுந்துவிட்டார். பட்டப்பகலில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூர்த்தியை நான்கு பேர் பிடித்து வைத்திருந்தார்கள், அவர் தானும் குதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பால்கனிகளில் ஜனங்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு. நான் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மாஸ்க்கைப் போட்டு இறங்கினேன். எங்கள் கருவியில் இடுப்புப் பக்கம் இரண்டாவதாக ஒரு மாஸ்க் மாட்டிக்கொள்ளலாம், சிக்கியிருக்கிற ஆளுக்குப் போட்டு நம் சிலிண்டர் காற்றையே பகிர்ந்து கொடுப்பதற்கு.

ஏழுமலை சுவரோரமாகச் சாய்ந்திருந்தார். கழுத்து வரைக்கும் அது. எது என்று சொல்லத் தேவையில்லை. முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த பாதுகாப்பு. கைக்குட்டையை இழுத்துவிட்டு இரண்டாவது மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து அழுத்தினேன். உயிர் இருந்தது. கண்ணாடியின் உட்பக்கம் மூச்சு படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது, கலைந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார், சத்தியமாகப் பார்த்தார். மேலே இழுங்கள் என்று கயிற்றை ஆட்டினேன். பாதி வழியில் கண்ணாடியில் மூச்சு கலைந்தது, பிறகு படியவே இல்லை.

மேலே அவரைக் கிடத்திவிட்டு நான் குனிந்து நிற்கிறேன், குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். நல்ல வேலையில் இருக்கிற ஆள், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. "நாங்க இறங்கச் சொல்லலை சார், அவரா இறங்கிட்டார்" என்றார். சரி, பயத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள். "சார், எல்லா வீட்லயும் கேக்கறாங்க, டாய்லெட் எப்ப யூஸ் பண்ணலாம்?" என் உடம்பெல்லாம் அவர்கள் கழிவு, மூர்த்தி தரையில் உட்கார்ந்து ஏழுமலையின் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறார், இந்த ஆள் இதைக் கேட்கிறார். கை கால் கழுவத் தண்ணீர் கேட்டதற்கு, உள்ளே வேண்டாம், கேட்டுக்கு வெளியே போய்விடுங்கள், ஓஸ் தருகிறோம் என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த குமட்டல் தொட்டியால் வந்தது இல்லை.

நிலையத்துக்கு வந்து அந்த மாஸ்க்கைக் கழுவ எடுத்தேன். மூக்கு மூடிக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிராம்பு. ஒரு பக்கம் பல்லால் கடித்து நசுங்கிய கிராம்பு. நாற்றம் தெரியாமல் இருக்க வாயில் அடக்கிக்கொண்டு இறங்கியிருப்பார் போல. எனக்கு வாந்தியே வந்துவிட்டது. குச்சியால் தள்ளிச் சாக்கடையில் போட்டுவிட்டு, மாஸ்க்கைத் தேய் தேய் என்று தேய்த்தேன். வெந்நீர், சோப்பு, கிருமிநாசினி, வெயில் படாமல் காற்றாட. மற்ற நாற்றமெல்லாம் போய்விட்டது, கிராம்பு வாசனை மட்டும் போகவில்லை. நம்பினால் நம்புங்கள், ரப்பரில் வாசனை தங்கும் என்று எனக்கும் தெரியும், ஆனால் சில நாள் இருக்காது, சில நாள் அப்போதுதான் கடித்தது போல இருக்கும்.

அந்த மாஸ்க்கை யாரும் தொடுவதில்லை. சாவு மாஸ்க் என்று பெயரே வைத்துவிட்டார்கள். மாற்றித் தரச் சொல்லி எங்கள் நிலைய அலுவலரிடம் கேட்டேன், பழுதில்லாத பொருளை எப்படிய்யா கழிக்கிறது என்றார். அதுவும் நியாயம்தான், சோதனையில் அது ஒழுகவில்லை, வார்கள் இற்றுப்போகவில்லை, வால்வு சுத்தம். தனிப்பெட்டியில் போட்டு ஸ்டோர் அறை அலமாரியில் வைத்தேன். மாதாமாதம் எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் நிலையங்களில் அது பெரிய விஷயம். வண்டிக்கு மாலை, வாழைக்கன்று, ஓஸ், ஏணி, கோடரி எல்லாம் மேஜையில் அடுக்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். நானும் கூட நின்று பொரி கட்டுகிறவன்தான், அதில் எனக்கு ஒரு வேறுபாடும் கிடையாது. மாஸ்க்குகளில் மட்டும் வேண்டாம், பெட்டியின் மேல் வையுங்கள் என்று டிரைவர் கோதண்டத்திடம் கேட்டுக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டு, நான் சிலிண்டர் எடுக்கப் போன நேரத்தில், மாஸ்க்குகளை வெளியே எடுத்து மூக்குக்கு நேராகக் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பிவிட்டார். மாஸ்க்கில் மூக்குக்கு நேராக இருப்பது என்ன தெரியுமா? விட்ட மூச்சு வெளியே போகிற வால்வு. மெல்லிய ரப்பர்ச் சவ்வு, அதன்மேல் சின்னச் சின்னத் துளை வைத்த மூடி. அந்தத் துளை வழியாகச் சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்தால் சவ்வு ஒழுங்காக மூடாது, சிலிண்டர் காற்றெல்லாம் வீணாக வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

நான் ஈரத்துணியை எடுத்தேன். கோதண்டம் பிடித்துக்கொண்டார்.

"இன்னா ஆரோக்கியம், சாமிக்கு வச்ச பொட்ட தொடைக்கிற? உங்க ஆளுங்க கோயில்ல வந்து நான் எதுனா தொட்டனா?"

"அண்ணே, இது சாமி சமாச்சாரம் இல்ல. வால்வு ஒட்டிக்கும். உள்ள போறவன் செத்துடுவான்."

"பூஜ அன்னிக்கு வாயில வர்றத பாரு! நல்ல வார்த்தயே வராதா உனக்கு?"

கூட்டம் கூடிவிட்டது. நிலைய அலுவலர் நடுவில் வந்து, "ஆரோக்கியம், நீ தொடச்சா அதுக்கு வேற அர்த்தம் ஆயிடும். இன்னிக்கு ஒரு நாள் விடு, நாளைக்கு டில்லிய விட்டுக் கழுவிக்கலாம்" என்றார். நான் கழுவினால் மதம், டில்லி கழுவினால் பராமரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலைக் கூட வாங்காமல் ஸ்டோர் அறைக்குப் போய்விட்டேன். சாவு மாஸ்க் மட்டும் அங்கே அலமாரியில் இருந்தது. நல்ல நாள் அதுவுமாக அதை மேஜையில் வைக்காதே என்று கோதண்டம்தான் சொல்லியிருந்தார். நிலையத்திலேயே பொட்டு வைக்காத மாஸ்க் அது ஒன்றுதான்.

இங்கேதான் நீங்கள் சிரிப்பீர்கள். மத்தியான வெயில், ஜன்னல் திறந்திருக்கிறது, வெளியே தவில் ஸ்பீக்கரில் ஓடுகிறது. அலமாரியிலிருந்து ஒரு சத்தம். டப், என்று மெல்ல. கொஞ்சம் விட்டு மறுபடி டப். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தோடு வேலை செய்கிறவன் நான், ஒருத்தர் மூச்சு விடும்போது வால்வுச் சவ்வு தூக்கி விழுகிற சத்தம் அது. எலியாக இருக்கும் என்று பெட்டியைத் திறந்தேன். மாஸ்க் மல்லாந்து கிடந்தது, குழாய் எதிலும் மாட்டவில்லை. கண்ணாடியின் உட்பக்கம் மூச்சு படிந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்கக் கலைந்தது. மறுபடி படிந்தது. கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது.

கையில் எடுத்துவிட்டேன், எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மெத்தைப் பஞ்சுக் கிடங்கு. யாரோ பூஜை செய்துவிட்டு, விளக்கை எரியவிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வருடாவருடம் இந்த நாளில் இது நடக்கும், ஒருத்தருக்கும் புத்தி வராது. வழியெல்லாம் ரோட்டில் உடைத்த பூசணிக்காய், குங்குமம் கலந்த சேறாக நசுங்கிக் கிடக்கிறது, முன்னால் பைக்கில் போன ஒருத்தன் அதில் வழுக்கி விழுந்து எங்கள் வண்டியே நின்று போனது. போய்ச் சேர்ந்தால், உள்ளே பின்னறையில் ஒருத்தன் தூங்குகிறான் என்று கத்துகிறார்கள். டில்லியும் நானும் கருவியை மாட்டினோம். என் மாஸ்க்கில் பொட்டு கொஞ்சம் தள்ளிக் கண்ணாடி ஓரத்தில் விழுந்திருந்தது. டில்லியுடையதில் நட்டநடுவில். நகத்தால் சுரண்டிப் பார்த்தான், மேலே இருந்தது வந்தது, உள்ளே போனது வரவில்லை. "டைம் இல்ல அண்ணாத்தே, வா" என்றான். அப்போதுதான் கவனித்தேன், ஸ்டோரில் கையில் எடுத்த மாஸ்க்கை நான் என் இடுப்பில் மாட்டியிருக்கிறேன்.

பஞ்சுப் புகை வேறு மாதிரி. கரேலென்று, கண்ணுக்கு முன்னால் கையை நீட்டினால் கை தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டே பின்னறை வரை போனோம், கட்டிலைத் தடவினால் ஆள் இல்லை. திரும்பும்போது டில்லியின் கருவியில் விசில் ஊதத் தொடங்கியது. காற்று தீரப்போகிறது என்று எச்சரிக்கிற விசில். என்னுடையது ஊதவில்லை, இரண்டுமே ஒரே நேரத்தில் நிறைத்த சிலிண்டர்கள். அவன் மாஸ்க்கிலிருந்து காற்று சீறிப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது, காது பக்கத்தில் சைக்கிள் டியூப் ஒழுகுகிற மாதிரி. கொஞ்ச தூரம் போவதற்குள் விசிலும் நின்றுவிட்டது. காற்று மிச்சமில்லை. என் தோளைப் பிடித்திருந்த அவன் கை நழுவியது.

மண்டியிட்டு அவனைத் தேடிப் பிடித்தேன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், என் மடியில் வைத்துச் சோறு ஊட்டிய பிள்ளைகள். ஒரு பொட்டுச் சந்தனத்துக்காக இவன் இங்கே சாகப் போகிறான் என்று நினைத்தேன், வேறு எதுவும் தோன்றவில்லை, அருவருப்பு மட்டும்தான், எங்கள் எல்லார் மேலும். இடுப்பில் இருந்த மாஸ்க்கை எடுத்தேன். டார்ச் வெளிச்சம் அதன்மேல் பட்டது. குழாயை இன்னும் என் கருவியில் நான் இணைக்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன், இணைக்கவில்லை. கண்ணாடியில் மூச்சு படிந்து படிந்து கலைந்துகொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. டில்லியின் மாஸ்க்கைப் பிடுங்கிவிட்டு அதை அவன் முகத்தில் அழுத்தினேன், பிறகுதான் குழாயை இணைத்தேன். அவன் ஒரு முறை இழுத்தான், உடம்பே தூக்கிப் போட்டது. அப்படியே கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து சேர்ந்தேன்.

வெளியே தரையில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி டில்லி இருமினான், கறுப்பாக வாந்தி எடுத்தான். உள்ளே தூங்குவதாகச் சொன்ன ஆள் எதிரே டாஸ்மாக் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிந்தது, அதை விடுங்கள். டில்லி என் சட்டையைப் பிடித்துக் கேட்டான்.

"அண்ணாத்தே, மாஸ்க்குக்குள்ள யாரு?"

"யாருடா? நீதான் இருந்தே."

"இல்ல அண்ணாத்தே. நான் மூச்சு இழுக்கறதுக்கு மின்னாடியே உள்ள ஒர்த்தன் மூச்சு வுட்டுகினு இருந்தான். சூடா. எனக்கு அவன் மூச்சுதான் வந்துச்சு."

சொல்லிவிட்டு நாக்கால் துழாவி எதையோ உள்ளங்கையில் துப்பினான். கிராம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டான், அதில் கிடந்த கிராம்பு பல்லில் சிக்கியிருக்கும். புகையில் மூளை குழம்பியிருக்கும். மாஸ்க் என் உடம்புச் சூட்டில் வியர்த்திருக்கும். இதையெல்லாம் உங்களுக்கு முன்னால் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அதுவே போதும் என்று வேலையைப் பார்த்தேன். அடுத்த பூஜையிலிருந்து பொட்டு பெட்டியின்மேல்தான் வைக்கிறார்கள். கோதண்டம் இன்றுவரை டில்லியின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அயனம்பாக்கத்தில் ஒரு மாடு கால்வாய்க்குள் விழுந்துவிட்டது என்று போனோம். அங்கே தெருமுனையில் மூர்த்தி உட்கார்ந்திருந்தார், பாரிவாக்கத்தில் ஏழுமலையின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அதே மூர்த்தி. பக்கத்தில் வாளி, கயிறு. இன்னும் இதே வேலையா என்று கேட்டேன். "வேற இன்னா சார் குடுப்பாங்கோ" என்றார். கையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டார். ஏழுமலை கற்றுக்கொடுத்ததா என்று கேட்டேன்.

"ஆமா சார். அவரு எறங்க சொல்லோ, கூட எறங்கறவனுக்கும் ஒண்ணு கடிச்சு குடுப்பாரு. தனியா போட மாட்டாரு. மேல வர்ற வரிக்கும் துப்பாதடா, துப்புனா நாத்தம் தெரியும், தெரிஞ்சா அடக்குன மூச்ச வுட்டுருவ, அப்டிம்பாரு. அன்னிக்கும் எனக்கு குடுத்தாரு. அவரு வுழுந்ததும் நான் கத்துனேன் பாரு, அதுல கீழ வுழுந்துச்சு."

நான் டில்லியிடம் இதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

சொன்னேனே, அடுத்தவன் தம்ளரில் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். போன மழையில் கொரட்டூரில் ஒரு வீட்டுத் தொட்டி, மறுபடியும் கைக்குட்டை கட்டி இறக்கிவிட்ட ஒரு ஆள், அவர் பிழைத்துவிட்டார், அவரை மேலே கொண்டுவர நான்தான் இறங்கினேன். என் முகத்தில் இருந்தது என் மாஸ்க். காலையில் நானே கழுவி, நானே துடைத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து வைத்தது. இடுப்பில் அந்த இன்னொன்று. வாரை இறுக்கிக்கொண்டு குழிக்குள் முதல் காலை வைத்தேன், நாக்கின்மேல் சின்னதாக, கட்டியாக ஏதோ பட்டது. காரம். ஒரு பக்கம் கடித்திருந்தது.

மேலே வரும்வரை துப்பவில்லை.